வெளியே வராது என்று நான் சொன்ன பெயர்

குழந்தைகளுக்கான சிறப்பு நீதிமன்றங்களில் அரசுத் தரப்பில் வாதாடப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். "நீங்க ஜெயிச்ச கேஸைப் பத்தி எழுதுங்க மேடம், பிள்ளைங்களுக்கு உற்சாகமா இருக்கும்" என்றார்கள். சரி, ஜெயித்த வழக்கைப் பற்றியே எழுதுகிறேன். படித்துவிட்டு யாரும் எனக்குப் பொன்னாடை போர்த்த வந்துவிடாதீர்கள்.

இரண்டாயிரமாவது ஆண்டு பிறந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. வடசென்னையில் ஒரு குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில் நான் அரசு உதவி வழக்கறிஞர். அடிதடி, திருட்டு, துறைமுகத்துக்குப் போகும் லாரியிலிருந்து மூட்டை இறக்கியது, சாராயம் காய்ச்சியது என்று தினமும் கட்டுக் கட்டாக வழக்குகள் வரும். அவற்றுக்கு நடுவே அவ்வப்போது ஒரு குழந்தையும் வரும்.

அன்றைய சட்டம் எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பெண்களைத் தெருவில் தொந்தரவு செய்வதைத் தடுக்க மாநிலச் சட்டம் ஒன்று வந்திருந்தது. குழந்தைகளுக்கென்று தனியாக எதுவும் இல்லை. பலாத்கார வழக்கு என்றால் கதவை மூடி விசாரிக்க வேண்டும், பாதிக்கப்பட்டவரின் பெயரை அச்சில் போடக்கூடாது. அதற்குக் குறைந்த எதுவானாலும் மானபங்கம் என்ற பழைய பிரிவுதான். முப்பது வயதுப் பெண்ணுக்கும் அதே பிரிவு, பதினோரு வயதுக் குழந்தைக்கும் அதே பிரிவு. கதவை மூடுவது நடுவரின் மனசைப் பொறுத்தது. பெயரை மறைக்கச் சொல்லி யாருக்கும் கட்டளை இல்லை.

இந்த ஓட்டைகளையெல்லாம் மேடையில் ஏறித் திட்டுவதில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. மகளிர் தினம் வந்தால் போதும், எனக்கு மூன்று இடத்திலிருந்து அழைப்பு வரும். நானும் நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு போவேன்.

அப்போதுதான் கொருக்குப்பேட்டையிலிருந்து அந்த அம்மா வந்தார். கூட்ஸ் ஷெட்டில் வேகனிலிருந்து சிந்தும் கோதுமையைக் கூட்டிப் புடைத்து விற்பவர். வேலையிலிருந்து நேராக வந்திருந்தார், தலைமுடியிலும் புருவத்திலும் உமித் தூசி. அவர் மகள்தான் வழக்கில் முதல் சாட்சி. அந்தப் பெண்ணின் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. ஏன் என்று போகப் போகத் தெரியும்.

அவர்கள் தெருவில் குழாயில் தண்ணீர் வராது. லாரி வந்து ஒரு கறுப்பு பிளாஸ்டிக் டேங்கில் ஊற்றிவிட்டுப் போகும். அந்த டேங்கின் குழாய்க்குப் பூட்டு உண்டு, பூட்டுக்குச் சாவி வைத்திருந்தவரைத் தெருவே டேங்க்காரர் என்று கூப்பிடும். யாருக்கு முதலில், யாருக்கு எத்தனை குடம் என்பதெல்லாம் அவர் வைத்த சட்டம். தண்ணீர் பிடிக்கப் போன குழந்தையிடம் அவர் தவறாக நடந்துகொண்டார். அதற்கு மேல் விவரம் உங்களுக்கு வேண்டாம். இந்தத் தொழிலில் தேவைக்கு மேல் விவரம் கேட்கும் ஆசை நமக்கு வந்துவிடும், ஆரம்பத்திலேயே அதை அடக்கிக்கொள்ளுங்கள்.

அந்த அம்மா உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"மேடம், ஒன்னே ஒன்னு கேட்டுக்கறேன். எம் பொண்ணு பேரு வெளிய வந்துடுமா?"

"வராதும்மா."

"தெருவுல தண்ணி சண்ட கேசுன்னுதான் சொல்லி வச்சிகீறோம். அந்தாளும் அப்டித்தான் சொல்லிகினு திரியறாரு, அவுருக்கும் அதான வசதி. நானு சாட்சி சொல்லப் போறேன்னு நெனச்சிகினு கீறாங்கோ. புள்ள விசயம் எவளுக்கும் தெரியாது."

"தெரியவே தெரியாது. கதவை மூடிட்டுத்தான் விசாரிக்கச் சொல்லுவேன். நான் இருக்கேன் இல்ல?"

"அது கிளாஸ் லீடரு மேடம். பேசற பசங்கோ பேர போர்டுல எய்தறது அதுதான். பேரு வெளிய வந்துச்சின்னு வையி, அப்பறம் அது ஸ்கூலுக்குப் போவாது. எனக்குத் தெரியும் அத்தப் பத்தி." கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டார். "சத்தியமா வராதில்ல?"

"நான் ஏம்மா பொய் சொல்லப் போறேன்?"

அப்படியே சொன்னேன். கண்ணைப் பார்த்துச் சொன்னேன். அந்த வாக்கை வைத்துத்தான் அவர் மகளைக் கூண்டில் ஏற்றச் சம்மதித்தார்.

நான் ஒன்றும் அலட்சியமாக இருந்துவிடவில்லை. இதைச் சொல்லிக்கொள்வதிலும் ஒரு நப்பாசைதான், இருந்தாலும் சொல்கிறேன். சம்மனைக் காக்கிச் சட்டையில் போய்க் கொடுக்காதீர்கள், தெரு பார்க்கும் என்று காவல் நிலையத்தில் சண்டை போட்டேன். ஒரு பெண் காவலர் புடவையில் கூட்ஸ் ஷெட்டுக்கே போய்க் கொடுத்துவிட்டு வந்தார். எனக்கு மூத்த வழக்கறிஞர் ஒருவர் இருந்தார், குழந்தை சாட்சி என்றால் முந்தைய நாள் சாயங்காலமே கூட்டிவந்து காலி நீதிமன்றத்தைக் காட்டிவிடுவார். பயத்தில் பாதி அந்த இடத்தைப் பார்த்துத்தான் வருகிறது என்பார். நானும் அப்படியே செய்தேன்.

குழந்தை கூண்டுக்குள் நின்றால் கம்பிக்கு மேல் நெற்றி மட்டும்தான் தெரிந்தது. ஒரு முக்காலி போட்டு ஏற்றி நிறுத்தினேன். அவள் எல்லாவற்றையும் கண்ணால் அளந்துகொண்டாள்.

"அவரு எங்க நிப்பாரு?"

"அதோ, அந்தக் கடைசியில. நீ அந்தப் பக்கம் திரும்பவே வேண்டாம். ஜட்ஜை மட்டும் பாத்துப் பேசு."

"நான் வெளிய குந்தினு இருப்பேன் இல்ல? எப்ப உள்ள வரணும்னு எனக்கு எப்டித் தெரியும்?"

"கூப்பிடுவாங்க கண்ணு. கூப்பிட்டதும் வந்துடு."

அவ்வளவுதான் சொன்னேன். எப்படிக் கூப்பிடுவார்கள் என்று அவளும் கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை. நாளெல்லாம் காதில் விழும் சத்தம், அது சத்தம் என்பதே மறந்து போயிருந்தது.

நீங்கள் நீதிமன்றத்துக்கு வெளியே நின்று கேட்டிருப்பீர்கள். குறுக்கே சிவப்புப் பட்டை மாட்டிய டவாலி வாசலுக்கு வந்து, வராந்தாவின் இரண்டு பக்கமும் பார்த்து, சாட்சியின் பெயரை ராகம் போட்டு மூன்று முறை கூப்பிடுவார். எங்கள் டவாலிக்கு நல்ல கனத்த குரல். கூப்பிட்டால் ராயபுரம் மீன் ஏலத்தில் இருப்பவனும் எழுந்து வந்துவிடுவான் என்று கிண்டல் செய்வோம். அவரும் சிரித்துக்கொள்வார்.

விசாரணை நாளன்று டேங்க்காரர் தனியாக வரவில்லை. தெருவில் பாதியைக் கூட்டி வந்திருந்தார். நாளைக்குத் தண்ணீர் வேண்டுமே, அதனால் பெண்கள் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். தண்ணீர்ச் சண்டைக்கு இவ்வளவு தூரம் இழுத்தடிக்கிறாளே என்று அந்த அம்மாவின் காதில் விழும்படியே பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் மகளைச் சுவர் ஓரமாக உட்காரவைத்து, தான் முன்னால் மறைத்து உட்கார்ந்திருந்தார்.

வழக்கு எண்ணைச் சொன்னார்கள். நான் எழுந்து நின்று, முதல் சாட்சி குழந்தை, கதவை மூடி விசாரிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். நடுவர் நல்ல மனிதர், உடனே சம்மதித்தார். வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரையும் வெளியே அனுப்பினோம். எனக்கு உள்ளுக்குள் பெருமை தாங்கவில்லை. கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்தேன்.

"சாட்சியைக் கூப்பிடுங்க" என்றார் நடுவர்.

டவாலி வெளியே போய்க் கூப்பிட்டார். பெயர், இன்னார் மகள், மறுபடி பெயர், மறுபடியும் பெயர். நாங்கள் உள்ளே இருந்து வெளியே அனுப்பியவர்களும் சேர்ந்து வராந்தாவில் நெரிசலாக நின்றிருந்தார்கள். உள்ளே இருந்த எனக்கே ஒரு பெண் கேட்டது காதில் விழுந்தது.

"இன்னாது, புள்ள பேரக் கூப்புடறாங்கோ? ஆத்தா பேரு இல்லயா?"

அதற்குப் பிறகு வெளியே பேச்சே இல்லை. தண்ணீர்ச் சண்டைக்குப் பதினோரு வயதுப் பெண்ணைக் கதவை மூடிக்கொண்டு ஏன் விசாரிக்க வேண்டும் என்று அவர்கள் ஒவ்வொருவரும் யோசித்த நேரம் அது. நான் மூடச் சொன்ன கதவே எல்லாருக்கும் விஷயத்தைச் சொல்லிவிட்டது.

யாரும் உள்ளே வரவில்லை. டவாலி திரும்பி வந்து "சாட்சி இல்லீங்க" என்றார். எதிர்த் தரப்பு வழக்கறிஞர் எழுந்து, சாட்சி ஆஜராகவில்லை, அரசுத் தரப்புச் சாட்சியத்தை முடித்துவிடலாம் என்றார். அவள் இல்லையென்றால் என்னிடம் வழக்கே இல்லை. டேங்க்காரர் குற்றவாளிக் கூண்டில் நின்று மேற்கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது சொல்லுங்கள், நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? வாய்தா கேட்கலாம். நானே எழுந்து வெளியே போய், அந்தக் குழந்தை எங்கே என்று பார்த்து, பக்கத்தில் உட்காரலாம். இதற்கெல்லாம் சட்டத் திருத்தம் எதுவும் தேவையில்லை. எழுந்து நடக்கக் கால் இருந்தால் போதும்.

நான் அப்படிச் செய்யவில்லை. எல்லா வழக்கிலும் வாய் தானாகச் சொல்வதைத்தான் இதிலும் சொன்னேன். "பாஸ் ஓவர் கொடுங்க ஐயா. சாட்சி வந்திருக்காங்க, வெளியே எங்கேயாவது போயிருப்பாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொரு தடவை கூப்பிடச் சொல்லுங்க." நடுவர் தலையசைத்தார். நான் டவாலியைப் பார்த்து இன்னொன்றும் சொன்னேன்.

"படிக்கட்டுக்கு வந்து நல்லா சத்தமா கூப்பிடுங்க."

வேறு ஒரு திருட்டு வழக்கை எடுத்தோம். அது முடிந்ததும் டவாலி நான் சொன்னபடியே படிக்கட்டில் நின்று கூப்பிட்டார். இந்த முறை வளாகம் முழுவதற்கும் கேட்டது. ஸ்டாம்ப் வெண்டருக்கும், டீக்கடைக்கும், கைதிகளை இறக்கிக்கொண்டிருந்த வேனுக்கும், வேப்பமரத்தடியில் பிரியாணிப் பொட்டலம் பிரித்தவர்களுக்கும் கேட்டது. முதல் முறை கூப்பிட்டது வழக்கம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். இரண்டாவது முறை கூப்பிட்டது முழுக்க என்னுடையது.

மூன்றாவது முறை பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் அவள் உள்ளே வந்துவிட்டாள். ஓடி வந்திருக்கிறாள், மூச்சு வாங்கியது. நேராக என்னிடம் வந்தாள்.

"வந்துட்டேன் மேடம். கூப்புட வோணான்னு சொல்லுங்கோ."

நல்ல பிள்ளை, சொன்ன பேச்சைக் கேட்டு வந்துவிட்டது என்று நினைத்தேன். தலையைத் தடவிக்கூடக் கொடுத்தேன். இன்று நினைத்தால் அந்தக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

சாட்சி சொன்னாள் பாருங்கள், என் பணிக்காலத்தில் பெரியவர்கள்கூட அப்படிச் சொன்னதில்லை. முக்காலியில் ஏறி நின்றதும், விவரம் தெரிந்த பிள்ளையா என்று பார்க்க நடுவர் கேட்டார், "பொய் சொன்னா என்னம்மா ஆகும்?"

"பொய் சொன்னா சாமி கண்ணக் குத்தும். நெசம் சொன்னா தண்ணி தர மாட்டாங்கோ."

நடுவர் கொஞ்ச நேரம் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். குறுக்கு விசாரணையில் அவளை எவ்வளவோ புரட்டிப் பார்த்தார்கள், ஒரு வார்த்தை மாறவில்லை. ஒரு தடவையும் அந்தக் கடைசிப் பக்கம் திரும்பவில்லை.

டேங்க்காரருக்குத் தண்டனை கிடைத்தது, டேங்க் சாவி வேறு ஆளிடம் போனது. காவல் நிலையத்திலிருந்து எனக்கு ஒரு டப்பா மைசூர்பாகு வந்தது. எங்கள் அலுவலகத்தில் எல்லாருக்கும் கொடுத்தேன். டவாலிக்கு இரண்டு துண்டாகக் கொடுத்தேன்.

சில வாரம் கழித்து அந்த அம்மா வந்தார். நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்து, அடக்கமாகப் பதில் சொல்லத் தயாராக இருந்தேன்.

"மேடம், பேரு மாத்தணும்னா எந்த ஆபீசுக்குப் போவணும்?"

"யார் பேரும்மா?"

"பொண்ணு பேருதான். தெருவுல பசங்கோ அந்த டவாலி மாரியே கூவறானுங்கோ. அது கொடத்தத் தூக்கினு வந்தாப் போதும், மாடில இருந்து ஒர்த்தன் கூவறான், கீய இருந்து ஒர்த்தன் கூவறான். மூணு தபா, அதே ராகம். பாதி பசங்களுக்கு விசயங்கூடப் புரியாது, வெளாட்டுதான் அவனுங்களுக்கு."

"ஸ்கூலுக்குப் போகுதா?"

"போவுது. போயி குந்திகினு கீது. டீச்சரு பேரு கூப்ட்டா எந்திரிக்க மாட்டேங்குது. உள்ளேன் டீச்சர்னு சொல்ல மாட்டேங்குது. அவங்களும் ரெண்டு நாளு பாத்தாங்கோ, அப்பால ஆப்சென்ட் போட்டுட்டாங்கோ. கண்ணெதுர குந்திகினு கீது மேடம், ஆப்சென்ட்டு."

அப்போதாவது நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். ஆனால் வாய் இருக்கிறதே, அது வக்கீல் வாய். "நான் சொன்னது பேப்பர்ல வராதுன்னும்மா. அதுவும் இந்தப் பிரிவுக்கு அந்தத் தடைகூட இல்ல, இருந்தாலும் வராம பாத்துக்கிட்டோம். கோர்ட்டுல பேர் கூப்பிடறது நடைமுறை..." என்று ஆரம்பித்தேன்.

அவர் என்னைப் பேசவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்.

"நாங்க எங்க மேடம் பேப்பர் படிக்கிறோம்?"

குரலை உயர்த்தவில்லை. சண்டை போட்டிருந்தாலாவது எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். பெயர் மாற்றுவதற்கு எங்கே விண்ணப்பிக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். அவர் போன பிறகு கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தேன். அடுத்த வழக்குக்கு ஆள் வந்து நின்றதுகூடத் தெரியவில்லை.

மறுநாள் நடுவரை அவர் அறையில் பார்த்தேன். குழந்தை சாட்சிகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டாம், சாதாரண உடையில் ஒரு பெண் காவலர் போய் அழைத்து வரட்டும் என்றேன். "கூப்பிடக்கூடாதுன்னு எந்த விதியில இருக்கு?" என்று கேட்டார். "கூப்பிடணும்னு எந்த விதியில இருக்குங்க ஐயா?" என்று நானும் கேட்டேன். அவர் சிரித்துவிட்டுச் சரி என்றார். அவர் இருந்தவரை அப்படியே நடந்தது. அவருக்கு மாற்றலாகி வேறொருவர் வந்ததும், வழக்கம் போலக் கூப்பிடுங்கள் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். ஒருவர் மனசில் இருக்கும் நல்லது அவர் நாற்காலியோடு போய்விடும், எழுதி வைத்தால்தான் நிற்கும் என்று அன்று உறைத்தது.

அதனால்தான் இரண்டு மூன்று வருடம் கழித்து அந்தக் கூட்டத்துக்கு அழைப்பு வந்தபோது துள்ளிக் குதித்தேன். குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களையும் குழந்தைகளையும் காப்பாற்ற மாநிலச் சட்டங்களையும் விதிகளையும் எப்படி வலுப்படுத்துவது என்று அரசு கூட்டிய கருத்துக் கேட்புக் கூட்டம். அதிகாரிகள், காவல் துறையினர், மருத்துவர்கள், மகளிர் குழுக்கள் எல்லாரும் வருகிறார்கள். பாதிக்கப்பட்ட குடும்பத்தில் ஒருவராவது அங்கே இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அந்த அம்மா எங்கே இருக்கிறார் என்று விசாரித்தேன். கொருக்குப்பேட்டையை விட்டு எண்ணூர்ப் பக்கம் போயிருந்தார்கள். அங்கே ஒரு மகளிர் குழுவில் இருந்தார்.

"நான் ஒன்னியும் பேச மாட்டேன் மேடம். நீங்க கூப்புடறீங்களேன்னு வரேன். சும்மா பின்னாடி குந்திகினு இருப்பேன்" என்றார். குழுப் பெண்கள் நாலைந்து பேரோடு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார்.

என் முறை வந்தது. இழப்பீடு, தனி அறை, திரை, கதவை மூடுவது என்று முதலில் வரிசையாகச் சொன்னேன். மேடையில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள், ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு பெயர் கூப்பிடுவதைப் பற்றிச் சொன்னேன். அது ஒரு பெரிய விஷயமாகவே யாருக்கும் படவில்லை. நான்கு பேர் ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. இவர்களுக்கு உறைக்கிற மாதிரி சொல்ல வேண்டும் என்று ஒலிபெருக்கியைக் கையில் எடுத்தேன்.

"எப்படிக் கூப்பிடுவாங்க தெரியுமா உங்களுக்கு? இப்படித்தான்" என்று சொல்லிவிட்டு, எங்கள் டவாலியின் குரலில், அதே ராகத்தில், படிக்கட்டில் நின்று கூப்பிடுவது போல அந்தப் பெயரைக் கூப்பிட்டேன். மூன்று முறை கூப்பிட்டேன்.

பேசிக்கொண்டிருந்தவர்கள் என் பக்கம் திரும்பினார்கள். கடிகாரத்தைப் பார்த்த அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்து ஏதோ எழுதிக்கொண்டார். ஒரு மருத்துவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இறங்கி வரும்போது கைதட்டினார்கள். வாழ்க்கையிலேயே நன்றாகப் பேசிய பேச்சு அதுதான் என்று நினைத்துக்கொண்டே, அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்கக் கடைசி வரிசைப் பக்கம் திரும்பினேன். அவர் நாற்காலி காலியாக இருந்தது.

அப்போதும் எனக்குப் புரியவில்லை. தண்ணீர் குடிக்கப் போயிருப்பார் என்று நினைத்தேன். டீ குடித்துக்கொண்டிருந்தபோது யாரோ ஒருவர் வந்து, "அந்தப் பொண்ணு" என்று பெயரையே சொல்லி, "இப்ப எப்படி இருக்கா மேடம்?" என்று அக்கறையாக விசாரித்தார். முன்பின் தெரியாத ஒருவர் வாயில் அந்தப் பெயரைக் கேட்டதும்தான் தலையில் கல் விழுந்தது. டம்ளரை வைத்துவிட்டு வெளியே ஓடினேன்.

பெயரைச் சொல்லாமல் சாட்சியை அழைக்க வேண்டும் என்ற என் யோசனையை அந்தக் கூட்டத்தின் பரிந்துரைகளில் சேர்த்துக்கொண்டார்கள் என்று பிறகு தெரிந்தது. இப்போது நீங்கள் வேலை பார்க்கும் நீதிமன்றங்களில் திரை இருக்கிறது, தனி அறை இருக்கிறது. குழந்தையின் பெயர் வெளியே வரக்கூடாது என்று சட்டமே சொல்கிறது. அதற்கெல்லாம் பலர் பாடுபட்டிருக்கிறார்கள். அதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு என்று யாராவது சொன்னால் நான் பேச்சை மாற்றிவிடுவேன்.

அன்று நான் வெளியே ஓடியபோது அந்த அம்மா பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தார். கூட வந்த பெண்கள் இன்னும் உள்ளே இருந்தார்கள். எனக்கு அவர் பக்கத்தில் போய் நிற்கவே கூச்சமாக இருந்தது. அவர்தான் முதலில் பேசினார்.

"நல்லா பேசுனீங்கோ மேடம்."

"அம்மா, நான்... வேணும்னு செய்யல. வாய் தவறி..."

"தெரியும் மேடம். அந்தப் பசங்களும் வோணும்னு செய்யல." சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பக்கத்துல குந்தினு இருந்தவ கேட்டா, யாருக்கா அது, அந்தப் பேருக்காரப் பொண்ணுன்னு. எனக்குத் தெரியாதுன்னு சொல்ட்டேன். பெத்தவ நானு, தெரியாதுன்னு சொல்ட்டு எந்திரிச்சி வந்துட்டேன்."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. "குழந்தை எப்படி இருக்கா?" என்று கேட்டேன்.

அவர் முகம் கொஞ்சம் மாறியது. "நல்லா கீது. பேரு மாத்திட்டோம் மேடம், நீங்க சொன்ன ஆபீசுலதான். இங்க புது ஸ்கூலு. டீச்சரு கூப்ட்டா டக்குனு எந்திரிச்சி உள்ளேன் டீச்சர்னு சொல்லுதாம். போன மாசம் லீடரு ஆக்கிட்டாங்கோ."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில், எந்த யோசனையும் இல்லாமல், எல்லாரும் கேட்பதை நானும் கேட்டேன்.

"என்ன பேர் வச்சிருக்கீங்க?"

அவர் சொல்ல வாயெடுத்தார். உதடு அசைந்ததைப் பார்த்தேன். பிறகு என்னை ஒரு முறை நன்றாகப் பார்த்தார். கோபம் இல்லை. தண்ணீர் சுடுமா என்று தொட்டுப் பார்ப்பவர் பார்ப்பது போலப் பார்த்தார்.

"வோணாம் மேடம்" என்றார். "அத்த மட்டும் உங்களாண்ட சொல்ல மாட்டேன்."

எண்ணூர் பஸ் வந்தது. ஏறி, ஜன்னல் ஓரமாக இடம் பிடித்து உட்கார்ந்து, எனக்குக் கையாட்டினார். நானும் கையாட்டினேன்.

அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு இப்போது முப்பது வயதுக்கு மேல் இருக்கும். ஏதாவது ஆஸ்பத்திரியில், வங்கியில், டோக்கன் வாங்கிக்கொண்டு நான் உட்கார்ந்திருக்கும்போது உள்ளே இருந்து ஒரு பெண்ணின் பெயரைக் கூப்பிடுவார்கள். அந்த வயதில் ஒருத்தி எழுந்து போவாள். இவளாக இருக்குமோ என்று நிமிர்ந்து பார்ப்பேன். எனக்கு எப்படித் தெரியும்? அந்தப் புதுப் பெயர் எனக்குத் தெரியாது, அதனால்தான் அது இன்னும் வெளியே வராமல் இருக்கிறது.